கார்டு வரும்வரை முடி இறக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்

உத்தரவு கேட்கப் போன இடத்துக்குப் பதிலையும் நாமே மடித்துக் கொண்டுபோனால், கிடைத்ததை அம்மன் கொடுத்த உத்தரவு என்று சொல்லலாமா?

எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. தெரிந்த பிறகு எழுதலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். காத்திருப்பது என்ற சொல்லே இப்போது எனக்குக் குமட்டுகிறது. அதனால் தெரியாமலேயே எழுதுகிறேன். குலதெய்வத்தை நம்புகிற அக்கா தங்கைகள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

என் கணவருக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. நானும் மகள் யாழினியும் ராஜபாளையத்தில் அவருடைய அக்கா வீட்டு மாடியில் இருக்கிறோம். அந்த அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். யாழினி அமெரிக்காவில் பிறந்தவள், இப்போது நான்கு வயது. அவளுக்கு இரண்டு வயது முடிந்தபோது என் அம்மாவின் ஆபரேஷனுக்காக அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். திரும்பிப் போக எனக்குப் புது விசா முத்திரை தேவை. நேர்காணல் தேதி தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. அதற்குள் அவர் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. "இப்ப அலைய வேண்டாம் செல்வி. கிரீன் கார்டு வந்துரட்டும், மொத்தமா வந்துருங்க" என்றார்.

அவரும் வர முடியவில்லை. அவருடைய முத்திரையும் முடிந்துவிட்டது. ஊருக்கு வந்து, திரும்பிப் போக முத்திரை கிடைக்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் அத்தனை வருட வரிசையும் என்னாகுமோ என்று பயம். அதனால் இரண்டு வருடமாக யாழினிக்கு அப்பா என்பவர் செல்போனுக்குள் இருக்கிறார்.

வரிசை என்றேனே, அதைச் சொல்கிறேன். கம்பெனி நமக்காக மனுப் போட்ட நாள்தான் வரிசையில் நம் இடம். மாதம் ஒருமுறை அந்த நாட்டு அரசாங்கம் ஒரு தேதியை வெளியிடும். அந்தத் தேதி நம் தேதியைத் தாண்டினால் கார்டு. சில மாதம் ஒரு வாரம் நகரும். சில மாதம் அசையாது. ஒருமுறை பின்னாலேயே போய்விட்டது. அன்று என் கணவர் போனில் எதுவும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாழினி, "அப்பா ஸ்டக் ஆயிட்டாரு" என்றாள். நெட் பிரச்சினை என்று நினைத்துவிட்டாள்.

ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி. ரேஷன் கடையில், பால்கோவா வாங்குகிற இடத்தில், கல்யாண வீட்டில். ஒரு பெண்மணி பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏட்டி, கார்டு வரலையா? இல்ல, அவன் கூப்பிடலையா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இலையில் இருந்த பாயசத்தைப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

எங்கள் வழக்கப்படி பிள்ளையின் பிறந்த முடியை ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் இறக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி மொட்டை போட வேண்டும். அதுவரை வீட்டில் கத்திரி படக் கூடாது. நாங்கள் அங்கே இருந்ததால் ஒரு வயதில் முடியவில்லை. ஊருக்கு வந்த உடனே செய்திருக்கலாம். நான் செய்யவில்லை. செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் பேச்சியம்மன் முன்னால் நின்று, யாரும் கேட்காமலேயே, "கார்டு வரட்டும் தாயே, அன்றைக்கு இவள் பிறந்த முடியை உன் காலடியில் இறக்குகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பெரிதாக எதையாவது கொடுத்தால்தான் பெரிதாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். நான் கொடுத்ததோ என் தலையில் இருந்த முடி அல்ல.

கணவரிடம் சொன்னபோது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அங்கே தனியாக இருக்கிற மனிதருக்குப் பற்றிக்கொள்ள ஒன்று கிடைத்தது. மாதாமாதம் தேதி வெளிவந்ததும் முதலில், "பாப்பா முடிய காட்டு" என்பார். என் வேண்டுதல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வேண்டுதல் ஆகிவிட்டது.

இந்தச் சித்திரை வெயிலில் அந்த முடிக்குள் பேன் விழுந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் விழுவதுதான் என்று பேன் சீப்பால் வாரினேன். இடுப்பைத் தொடும் மெல்லிய முடி. வேர்வையில் சிக்குப் பிடித்தது, சீப்பு இறங்கவில்லை. அவள் சொறிந்தாள். சொறிந்த இடம் புண்ணானது. புண்ணின் மேல் முடி ஒட்டிக் காய்ந்து, பிரித்தால் ரத்தம் வந்தது. பிறகு சீழ். அவளைத் தூக்கினால் மண்டையிலிருந்து புளித்த வாடை வரும். சொல்லவே கூசுகிறது, பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் முகத்தைத் திருப்பியிருக்கிறேன். அவள் தலையணை உறையைத் துவைக்கும்போது வாந்தி எடுத்திருக்கிறேன். அப்போதும், இன்னும் பத்து நாளில் தேதி வரும், ஒருவேளை இந்த மாதம் என்று மனம் கணக்குப் போடும். அந்த மனத்தை நினைத்தால்தான் புண்ணைவிட அருவருப்பாக இருக்கிறது.

காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. காய்ச்சல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் முடியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையுறையை மாற்றிக்கொண்டார்.

"மருந்து தாரேன். ஆனா முடிய எடுக்காம மருந்து எங்கம்மா படும்? நாளைக்கே எடுத்துருங்க."

"நேர்த்தி இருக்கு சார்."

"சாமிக்கு நான் ஒரு லீவு லெட்டர் எழுதித் தரட்டுமா?" என்றார். அவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் கணவருக்கு போன் செய்தேன். "இந்த மாசந்தான் ரெண்டு வாரம் நகந்துருக்கு. இப்பப் போயி நேர்த்திய முறிச்சா அம்மன் கோவிச்சுக்கிட மாட்டாளா? மருந்து குடு. செத்தப் பொறு."

செத்தப் பொறு. எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அதையேதான் நான் ஒரு மாதமாக யாழினியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதினிதான் வழி சொன்னார். "நீயும் சொல்லாத, அவனும் சொல்ல வேண்டாம். பூக்கட்டிப் பாத்துருவோம். அவளே சொல்லட்டும்." ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. அம்மன் காலடியில் வைத்துப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பொறுக்க வேண்டும். என் கணவரும் அம்மன் சொன்னால் சரி என்று ஒப்புக்கொண்டார்.

வன்னியம்பட்டியில் லோடு வேன் ஓட்டுகிற என் அண்ணன் தாய்மாமனாக வந்தான். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். பூசாரி இரண்டு வாழையிலைத் துண்டுகளையும் வெள்ளை அரளி, சிவப்பு அரளிப் பூக்களையும் என் கையில் கொடுத்து, "நீங்களே மடிச்சுக் கொண்டாங்க தாயி" என்றார். குழாயடிக்குப் போனேன். யாழினி மதினியின் தோளில் அனத்திக்கொண்டிருந்தது அங்கே வரை கேட்டது. ஒரு இலையில் வெள்ளைப் பூவை வைத்து மடித்தேன். சிவப்புப் பூவை எடுத்தேன். என் கை அதை மடிக்கவில்லை.

அங்கே நின்று நான் வேண்டிய மாதிரி வாழ்நாளில் வேண்டியதில்லை. கார்டைக் கேட்கவில்லை. "தாயே, என் பிள்ளையைக் காப்பாத்து. நான் செய்வது தப்பு என்றால் இப்பவே என் கையைத் தட்டிவிடு" என்றேன். யாரும் தட்டிவிடவில்லை. சிவப்புப் பூவைக் கீழே போட்டேன். இரண்டாவது இலையிலும் வெள்ளையை வைத்து மடித்தேன்.

யாழினி எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். பிறகு அவருக்கே உரிய ஆர்வத்தில், "அந்த இன்னொன்னையும் பிரிச்சு, செவப்பப் பாத்துருவோமே" என்று கையை நீட்டினார். என் உயிர் போய்விட்டது. அந்தக் கணத்தில் அண்ணன் குனிந்து பொட்டலத்தை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"உத்தரவு வந்த பொறவு சாமிய சோதிக்கக் கூடாதுக்கா" என்றான்.

அவன் மடியில் உட்கார்த்தி முடி இறக்கினார்கள். முடி இறக்குகிறவர் பாதியில் கத்தியை நிறுத்தினார். முடிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் ஊறி வெளுத்துச் சீழ் கட்டியிருந்தது. அதன் மேல் பேன்கள் நகர்ந்தன. "தாயி, இத எப்பிடி இம்புட்டு நாள் விட்டிய?" என்றார். கூட்டத்தில் பத்துப் பேர் பார்த்தார்கள். எந்தக் கல்யாண வீட்டிலும் நான் அப்படிக் கூனிக் குறுகியதில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அந்தப் புண்ணை என் கையால் துடைத்தேன். முகத்தைத் திருப்பவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்" என்றார். இப்போது மொட்டை மண்டையில் சந்தனம் பூசி மாடியெல்லாம் ஓடுகிறாள். புதிதாக முளைத்த முடி பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. முகர்ந்து பார்க்கிறேன். பிள்ளை வாசம்தான் வருகிறது. கார்டு வரவில்லை. ஆனால் நான் உண்மையாகக் கேட்டது கிடைத்தது. இதைத்தான் சாட்சியாகச் சொல்ல வந்தேன்.

கோயிலிலிருந்து திரும்பும்போது வேனில் அண்ணன் சாலையைப் பார்த்தபடியே கேட்டான். "ஏட்டி, குழாயடில செவப்பு அரளி ஏன் கெடந்துச்சு?"

யாழினியின் தலையில் ஈ உட்காராமல் துண்டால் மூடினேன்.

"கால் கழுவும்போது பாத்தேன். சரி, விடு. அம்மன் கேட்டா நானும் கூட்டுன்னு சொல்லிருதேன்" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்பிள்ளைட்ட சொல்லப்போறியா?" என்றான்.

சரியான நேரத்தில் அண்ணன் கண்ணில் அந்தப் பூவைக் காட்டியது யார், அவன் கையை நீட்ட வைத்தது யார் என்று நினைக்கும்போது அம்மன்தான் என்று நெஞ்சு நிறைகிறது. அடுத்த நிமிடமே, பூவைக் கீழே போட்டது நீதானே என்று மனம் இடிக்கிறது.

அன்று மாலை என் கணவர் போனில் மொட்டைத் தலையைப் பார்த்து அழுதார். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அம்மனே உத்தரவு குடுத்துட்டா. பொறவு எனக்கு என்ன பயம்? முத்திரை கெடச்சா போறேன், கெடைக்கலைன்னா பிள்ளையோட இருக்கேன். அடுத்த மாசம் வாரேன்" என்றார். டிக்கெட்டும் எடுத்துவிட்டார். இரண்டு வருடமாக ஒரு தேதிக்கு அடிமையாக இருந்த மனிதர் எழுந்து நிற்கிறார். வந்ததும் அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்கிறார். அவரை எழுப்பிய பூவை மடித்தது நான்.

அக்கா தங்கைகளே, பிள்ளையின் உடம்பை வைத்து எதையும் வேண்டாதீர்கள். தெய்வம் அதைக் கேட்பதில்லை. நாம்தான் கொடுக்கிறோம். பிள்ளைக்காக வாய்விட்டுக் கேளுங்கள், இரங்குவாள். எனக்கு இரங்கினாள்.

ஒரு உதவி. அவர் விமானம் ஏறுவதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஏறுவதற்கு முன் சொன்னால் ஒருவேளை வராமல் நின்றுவிடுவார். வந்த பிறகு சொன்னால், திரும்பிப் போக வழி அடைத்தால், ஆயுள் முழுக்க என்னைப் பார்ப்பார். சொல்லாமலே இருந்தால், அவர் பொங்கல் வைக்கும்போது அம்மன் முன்னால் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதைச் செய்வீர்கள்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். திட்டியும் எழுதலாம்.