அண்ணாச்சி டேப் மாட்டிய சுவர்

மன்னிக்கவும், நம் எஸ்டேட் குரூப்பில் எப்போதும் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவள் நான்... இன்று எழுதுகிறேன். செல்லத்துரை அண்ணாச்சி காலையில் இறந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்கு: சூரியநெல்லி ரோட்டில், புதிதாக மலையை வெட்டிய வளைவில் டீக்கடை வைத்திருந்தவர். அந்தச் சரிவு இடிந்து விழாமல் தடுக்கும் வேலையில் நான் சைட் இன்ஜினியர்.

அங்கே இருப்பது ஷேல். அப்பளத்தை அடுக்கி வைத்தது போன்ற பாறை... நனைந்தால் அப்பளம் மாதிரியே நமத்துப்போகும். அதனால் சரிவைப் படிக்கட்டு போல வெட்டினோம்.

"மலைக்கு எதுக்கு தாயி ஸ்டெப் கட்டிங்?"

வேலையைப் பற்றி அண்ணாச்சி என்னிடம் முதன்முதலில் கேட்டது இதுதான்.

பிறகு அடியில் சுவர் கட்டி, மலைக்குள் ஊறும் தண்ணீர் வடிய வரிசையாக பைப் வைத்தோம். ஒரு நாள் போய்ப் பார்த்தால், கடைப் பக்கத்து பைப்பில் பளபளவென்று பித்தளை டேப்! அண்ணாச்சி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். கடை சாத்தும்போது டேப்பையும் இறுக்கி மூடிவிட்டுப் போவாராம்.

அதைச் சொல்லத் தைரியம் வருவதற்குள் டீக்கு மேல் டீ குடித்து எனக்கு வயிறு எரிந்தது.

"அண்ணாச்சி, ராத்திரி டேப்ப மூடாதீங்க. தண்ணி உள்ளயே நின்னா சுவரு கடை மேல சாஞ்சிரும்."

"தண்ணிய வீணாக்கச் சொல்லுதியா? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?"

"சாஞ்சா மொதல்ல பாய்லர்தான் நசுங்கும்..."

பாய்லர் புதுசு. உடனே டேப்பைக் கழற்றிவிட்டார்.

அதன்பின் எல்லா பைப்புக்கும் அவர்தான் காவல். ஒரு டூரிஸ்ட் பையன் சிப்ஸ் கவரை பைப்புக்குள் திணித்தான்... "ஏலே, அத ஒன் மூக்குல திணிச்சுப் பாருல!"

அதோடு விட்டாரா? அடுத்த வளைவில் ஒருவர் டீக்கடை போட வந்தபோது, "அங்கன சரியும்னு எஞ்சினியர் சொல்லிருக்கு" என்று புரளி கிளப்பிவிட்டார். அந்த மனிதர் சண்டைக்கு நேராக என் சைட் ஷெட்டுக்கே வந்துவிட்டார். நான் அந்த வளைவைப் பற்றி வாயே திறந்ததில்லை!

அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன்.

"நம்ம எஸ்டேட் லயத்து வீடுகள்ல மொத டிகிரி நீதான தாயி. நான் சொன்னா எவன் நம்புதான்?"

போய்ட்டு வாங்க அண்ணாச்சி...

ஒரு வேண்டுகோள். சொல்லலாமா என்று இவ்வளவு நேரம் தயங்கினேன். அண்ணாச்சி படம் போட்ட பெரிய பிளெக்ஸை அந்தச் சுவரில்தான் கட்டப்போகிறீர்களாம். பைப் ஓட்டைகளில் மரக்கட்டை அடித்து, அதில் கயிறு கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன்.

தம்பிகளே, வேண்டாம். நேற்றிலிருந்து மழை விடவில்லை. கூட்டம் முழுக்க அந்தச் சுவருக்கு அடியில்தான் நிற்கும்.

எதிரே எங்கள் ஷெட்டின் முன்பக்கம் காலியாக இருக்கிறது. அங்கே கட்டுங்கள். ஏணி நான் தருகிறேன்.