கூரைக்கு நான்கு பேர்

சித்தப்பாவின் ஜீப்பிலிருந்து கூரையைக் கழற்ற நான்கு பேர் வேண்டும். மூலைக்கு ஒருவராக அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி. எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத சட்டம் அது. ஐந்தாவது ஆளான எனக்கு முகப்பவுடர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை.

ஜீப் பழையது. காடு, மணல், வெட்டிப்போட்ட மண்மேடு என்று பாராமல் ஏறும் ரகம். அதன் பின்பாதியை மூடியிருந்த ஃபைபர் கூரை, கவிழ்த்துப் போட்ட குளியல் தொட்டி மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் சித்தப்பா ஆட்களை ஏற்றி வாடகைக்கு ஓட்டுவார். பங்குனி பிறந்து பலாப்பழம் வரத் தொடங்கியதும் கூரையைக் கழற்றிவிட்டு, தோப்புகளில் பழத்தை வாங்கி மலைபோல அடுக்கிக்கொண்டு சந்தைக்குப் போவார். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை மறுபடி ஏற வேண்டும். அவர் வீடு எங்கள் சொந்த ஊரான வடக்குத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது; அங்கே அதை வைக்க இடமில்லை. எங்களுடையது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். வீடு சின்னதென்றாலும் பின்னால் தோட்டம் பெரிது. அங்கே வேப்பமரத்தடியில், நான்கு பழைய டயர்களின் மேல், அந்தக் கூரை ஆறு மாதம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கும்.

அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. தாத்தாவின் நிலத்தை நிலக்கரி மைன்ஸுக்கு எடுத்தபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்களாம். தாத்தா மூத்தவரான அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டார். அப்பா பர்மனென்ட் ஆகி மெக்கானிக்கல் ஃபிட்டர் ஆனார். சித்தப்பா அதே மைன்ஸில் கான்ட்ராக்டில் பல வருடம், சங்கிலியால் சுமை தூக்கும் செயின் பிளாக் கட்டி, யானை கனம் கனக்கும் மோட்டார்களைத் தூக்கி இறக்கினார். பிறகு வெறுத்துப்போய் ஜீப் வாங்கினார். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை, பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான். கேட்டால், "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற" என்பாள் அம்மா. பொங்கலுக்குக்கூட சித்தப்பா வரமாட்டார். கூரைக்கு மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை வருவார்.

வந்தால் நேராகப் பின்பக்கம்தான். அப்பா ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் துடைத்து, காலி காபித்தூள் பாட்டிலில் போடுவார். கூரையின் விளிம்பில் ஓடும் ரப்பர், வெயிலில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க பவுடர் தூவ வேண்டும். அது என் இலாகா. அம்மாவின் பவுடர் ஜீப்புக்குப் போன அளவு அம்மாவின் முகத்துக்குப் போனதில்லை.

கூரையைத் தூக்கும்வரை பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான். "அண்ணி, அவர முன்பக்கமா நிக்கச் சொல்லுங்க" என்பார் சித்தப்பா. "ஏன், இந்த எடத்துக்கு என்னா கொறச்சலாம்னு கேளு" என்பார் அப்பா. இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார்கள், அதனால் அம்மா எதையும் எடுத்துச் சொல்வதில்லை. கூரை ஜீப்பைவிட்டு எழும்பியதும் தூது அனுப்ப நேரம் இருக்காது.

"உன் பக்கம் எறங்குது, வுடாதடா!"

"தோ, தூக்கிகினுதானண்ணே இருக்கறன்!"

"பின்னாடி கல்லு. பாத்து கால வையி."

பத்தடி தூரம். வேலைக்குப் போன இடத்தில் திருத்தமாகப் பேசப் பழகிவிட்ட அப்பா, அந்தப் பத்தடிக்குள் வடக்குத்துப் பையனாகிவிடுவார். கூரை டயரில் உட்கார்ந்த பிறகு அம்மா காபியும் வடையும் கொண்டுவருவாள். அண்ணனும் தம்பியும் ஜீப்பின் பின்விளிம்பில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து, டயர் தேய்ந்துவிட்டது, முட்டி வலிக்கிறது என்று ஒரு பத்து வார்த்தை பேசுவார்கள். காபி தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. மறுபடி ஆறு மாதம் கழித்துத்தான்.

இதையெல்லாம் கவனித்து ஏழாம் வகுப்பில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பேசப் பிடிக்காத இருவரை இந்தக் கூரை கட்டாயப்படுத்துகிறது, பாவம். அம்மாவுக்கும் தோள்வலி. அந்த வருடம்தான் அறிவியல் பாடத்தில் கப்பி வந்தது. அதற்கு மேல் என்னைப் பிடிக்க ஆளில்லை.

சித்தி வீட்டில் மோட்டார் போட்ட பிறகு சும்மா கிடந்த கிணற்றுக் கப்பியை வாங்கிவந்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் பையனை மரமேற்றி, கூரைக்கு நேர் மேலே இருந்த தடித்த கிளையில் கட்டவைத்தேன். அந்தப் புரட்டாசியில் கூரையை மாட்ட சித்தப்பா வந்தபோது அப்பா ஷிப்ட் முடிந்து திரும்பியிருக்கவில்லை; அம்மாவும் சித்தியும் உள்ளே வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். "அண்ணன் வரட்டுமே, பாப்பா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. இழுத்தார். நான்கு மூலையிலும் கயிறு கட்டிய கூரை ஆடாமல் அசையாமல் மேலே போயிற்று. கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு, டயர்களை நகர்த்தி, ஜீப்பைப் பின்னால் எடுத்துக் கூரைக்கு அடியில் நிறுத்தினார். எல்லாம் ஒரே ஆள்.

அப்பா டிபன் கேரியரோடு உள்ளே வந்தபோது கூரை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. நான் குதித்துக்கொண்டு ஓடினேன். "அப்பா, இனிமே நீங்க தூக்கவே வேணாம்! சித்தப்பா ஒருத்தரே போதும்!"

அப்பா கப்பியைப் பார்த்தார், முடிச்சுகளைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, கால் கழுவாமலே வீட்டுக்குள் போய்விட்டார். சித்தப்பா கூரையை இறக்கி, போல்ட்டுகளைத் தானே முடுக்கி, காபி வேண்டாமென்று கிளம்பினார். வடை அப்படியே இருந்தது. ஜீப் தெருமுனை திரும்பியதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "ஒன்ன யாருடி கேட்டா?" பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது மட்டும் புரிந்தது. எங்கே குரங்கானது என்று புரியவில்லை. எனக்குக் கோபமான கோபம்.

அடுத்த பங்குனியில் சித்தி போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். அண்ணன் ஷிப்டில் இருந்தாலும் பரவாயில்லை, கப்பிதான் இருக்கிறதே என்று சித்தப்பா சொன்னாராம். அம்மா இதைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததும் பின்பக்கம் ஓடினேன். எனக்கு முன்னால் சித்தப்பா அங்கே இருந்தார்; சித்தி ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனரோடு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கிளையில் கப்பியும் இல்லை, கயிறும் இல்லை.

நான் அழுத அழுகையில் அக்கம்பக்கம் எழுந்துவிட்டது. "நான் வரும்போதே இல்ல, பாப்பா" என்றார் சித்தப்பா. கையில் ஸ்பேனர் இருக்க, நான் நம்புவேனா? பிரஷ்ஷும் வாயுமாக அப்பா வெளியே வந்தார். முதல் ஷிப்டுக்குப் போயிருக்க வேண்டியவர், யாருடனோ மாற்றிக்கொண்டாராம். "பழைய இரும்புக்காரன் எவனாச்சும் எடுத்துகினு பூட்டிருப்பான்" என்றார்.

"அப்ப நாலு பேருந்தான் தூக்கணும்" என்று சித்தப்பா வேப்பமரத்திடம் சொன்னார்.

தூக்கினார்கள். ஒரே ஆள் போதும் என்று ஆன பிறகும் சித்தப்பா ஏன் சித்தியைக் கூட்டிவந்தார் என்று நான் யோசிக்கவில்லை. உன் பக்கம், என் பக்கம் என்று சத்தம் போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார்கள். அன்றைக்கு வடை மூன்று ஈடு போட்டும் போதவில்லை. எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. சித்தப்பாதான் திருடன் என்று பல வருடம் மனதுக்குள் வைத்திருந்தேன்.

அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பரணில் அப்பாவின் சேஃப்டி ஷூ பெட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய என் கப்பி. சாமான் ஏற்ற ஜீப்போடு வந்திருந்த சித்தப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். இத்தனை வருடம் அவரைச் சந்தேகப்பட்டதையும் சொல்லிவிட்டேன்.

"அண்ணனா எடுத்தாரு?" என்று வெகுநேரம் சிரித்தார். "அத அவுக்கத்தான் நானும் அன்னைக்கு விடியறதுக்குள்ள ஓடியாந்தேன். பாத்தா கெளையில ஒண்ணுமில்ல. எவனோ திருடன் நல்லாருக்கட்டும்னு நெனச்சிகினேன்."

ஒருவர் ஃபிட்டர், ஒருவர் செயின் பிளாக் கட்டியவர். ஒரு ஃபைபர் மூடியைத் தனியாளாக இறக்கும் வழி இவர்களுக்குத் தெரியாது, பாடம் படித்து நான்தான் சொல்லித்தர வேண்டும் என்று அன்றைக்கு மனதார நம்பினேன்.

சித்தப்பா கப்பியின் சக்கரத்தை விரலால் சுண்டினார். சத்தமில்லாமல் சுற்றியது.

"கிரீஸ் போட்டுகினே வந்திருக்காரு பாரேன்" என்றார். பிறகு அதைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். "எடுத்த பொட்டியிலியே வச்சிடு, பாப்பா. அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

வடக்குத்தில் கட்டிய புது வீட்டிலும் பின்பக்கம் நான்கு டயருக்கு அப்பா இடம் விட்டிருந்தார். பங்குனி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.