இயற்பியலுக்கு ஆள் பிடித்த மெர்வின்

எங்கள் பள்ளியின் இயற்பியல் வாத்தியார் மெர்வின் ஷில்லிங்கை யாரும் வெறுத்ததில்லை. அவர் வகுப்பில் யாரும் சேர்வதுமில்லை, அவ்வளவுதான்.

தென் ஆஸ்திரேலியாவில் சூரை மீனை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருடப் பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்காக ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் விளையாட்டுக் கூடத்தில் பாடத்துக்கு ஒரு மேசை போட்டுக் கடை விரிப்போம். சமையல் பாடத்தில் சுடச்சுட ஸ்கோன் ரொட்டியும் ஜாமும். கடல்தொழில் வாத்தியார் நிஜப் படகையே இழுத்து வந்து நிறுத்துவார். படித்து முடித்தால் படகு ஓட்ட லைசென்ஸ். நான் உயிரியல். ஒரு சுறாவின் தாடையைத் திறந்துவைத்தால் எனக்குப் போதும். மெர்வின் மேசையில் ஓர் ஊசலும் மெர்வினும் மட்டும் இருப்பார்கள். இரண்டில் ஊசல்தான் கொஞ்சம் கலகலப்பு.

போதாததற்கு மனிதருக்கு உண்மை பேசும் வியாதி வேறு.

"பிசிக்ஸ் கஷ்டமா சார்?"

"கஷ்டம்தான். உனக்குக் கணக்கு வருமா?"

பையன் படகுப் பக்கம் நழுவிவிடுவான்.

வேண்டாம் என்பதற்குப் பிள்ளைகள் சொல்லும் காரணங்களைக் கேட்க வேண்டும். மார்க் குறையும் என்பாள் ஒருத்தி. அம்மா எடுக்கச் சொன்னதாலேயே எடுக்க மாட்டேன் என்பான் இன்னொருவன். மிச்சப் பேருக்கெல்லாம் ஒரே காரணம்: சிநேகிதன் எடுக்கவில்லை.

பன்னிரண்டு பேர் சேராவிட்டால் வகுப்பு கிடையாது. இந்த வருடம் தலைமை ஆசிரியை டெப் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "மெர்வ், ஆள் சேரலைன்னா பிசிக்ஸை மூடிட்டு உன்னைக் கடல்தொழில் பாடத்துக்குப் படகுல ஏத்திடுவேன். நீந்தத் தெரியும்ல?"

தனக்காக மட்டும் என்றால் மெர்வின் பேசாமல் படகில் ஏறியிருப்பார். அவர் கவலையெல்லாம் மேவ்வைப் பற்றித்தான். படகு மெக்கானிக்கின் மகள். அறிவியல் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்று வாதாடுகிறவள். விடியற்காலையில் அக்கரை இஞ்சின் சத்தம் பக்கத்தில் கேட்பது போல் கேட்கிறதே ஏன் என்று அவள் கேட்டபோது, மனிதர் சாப்பாட்டை மறந்து படம் படமாக வரைந்தார்.

"அவளுக்காகவாவது வகுப்பு நடக்கணும், ரோஸ்லின்," என்றார் என்னிடம். "இல்லாட்டி அந்தப் புள்ள அடிலெய்டு வாத்தியார்கிட்ட திரையில பாத்துப் படிக்கணும். திரையோட எப்படி வாதாடுவா?"

அப்போதுதான் அவர் ஹாமிஷைப் பிடித்தார். ஹாமிஷ் ஊர் ஃபுட்பால் அணியின் இளையோர் கேப்டன்; பந்தைக் கையில் பிடித்துக் காலில் விட்டு உதைக்கிற ஆஸ்திரேலிய ஃபுட்பால். அவன் தலையை மொட்டையடித்தால் மறுநாள் அணியே மொட்டை. மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்காத மெர்வின், மழையில் எல்லைக்கோட்டில் நின்று, காற்று எப்படி அடித்தால் பந்தைக் கையிலிருந்து எப்படிக் காலுக்கு விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஹாமிஷ் மூலையிலிருந்து உதைத்த பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே போனது.

"இதுதான் பிசிக்ஸா சார்?"

"இதேதான்," என்றார் மெர்வின். உண்மை விளம்பி சொன்ன முதல் பொய்.

"மாப்ள, எல்லாரும் பிசிக்ஸ்டா!" என்று அணியைப் பார்த்துக் கத்தினான் ஹாமிஷ்.

பாடம் தேர்ந்தெடுக்கும் சாயங்காலம் வந்தபோது படகு அநாதையாக நின்றது. மெர்வின் மேசையில் தள்ளுமுள்ளு. "கணக்கா? அதெல்லாம் பாத்துக்கலாம், வா, வா! நீ எந்தக் கால்ல உதைப்ப?" மெர்வின் கூவியதில் மீன் ஏலக்காரரே தோற்றுப்போவார். ரொட்டியில் சுருட்டிய சாசேஜோடு மேவ் அந்தப் பக்கம் இரண்டு முறை போனாள். கூட்டத்துக்கு மேலாகக் கையை மட்டும் ஆட்டிவிட்டு அவர் அடுத்த பையனிடம் திரும்பினார். மேவ் என் சுறாவிடம் வந்தாள். எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டேன்.

வகுப்பு உண்டு என்று டெப் சொன்னதும் மெர்வின் தாழ்வாரத்தில் ஓடியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மேவ்! பிசிக்ஸ் நடக்குது!"

"கேள்விப்பட்டேன் சார். சந்தோஷம். நான் பயாலஜி எடுத்துட்டேன்."

இரண்டு பாடமும் ஒரே நேரத்தில் நடப்பவை. மெர்வினுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா? பசங்க கூட்டம்னா?"

"அதில்ல சார். ஹாமிஷ்கிட்ட மழையில நின்னு கேட்டீங்க. டீமுக்குத் தண்ணி தூக்குறவன்கிட்டகூடக் கேட்டீங்க. என்கிட்டதான் கேக்கவே இல்ல. எனக்கு வராதுன்னு நெனைக்கிறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

"உனக்காகத்தானேம்மா இவ்வளவும்... நீ எப்படியும் வருவேன்னு..."

"அதை யார்கிட்ட சொன்னீங்க சார்? என்கிட்ட சொல்லலையே." அவள் என் பக்கம் பார்த்தாள். "மிஸ் அன்னிக்கே வர்றியான்னு கேட்டாங்க. வர்றேன்னு சொல்லிட்டேன்."

நல்ல மாணவி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அதை அவர் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பக்கம் ஹாமிஷ் தன் படையோடு வந்தான். "சார், மொத கிளாஸுக்குப் பந்து கொண்டு வரணுமா?"

மேவ் திரும்பிப் போவதையே பார்த்துக்கொண்டு, "கொண்டு வா," என்றார் மெர்வின்.