முதல் தண்ணீர்

தெளிந்த தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் புத்தகமா, அதை வாசித்துக் காட்டிய ரீச்சரா, இல்லை, கலங்கலைக் கண்டால் முகம் சுளிக்கும் என் உம்மாவா? பல வருடங்களாக யோசிக்கிறேன். விடை கிடைத்தால் பாரத்தில் பாதியை அந்த ஆளின் தலையில் இறக்கி வைக்கலாம் என்ற கள்ள ஆசையும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து நாலைந்து வளவு தள்ளி எங்கள் வீடு. எங்கள் ஊர்ப்பக்க வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். ஆகவே நாங்கள் எல்லோரும் குடியிருந்தாலும் பேச்சில் அது மூத்த சகோதரியின் வீடு, ‘ராத்தாட வீடு’தான். ராத்தா குமராகி, வெளியே வராமல் வீட்டுக்குள் இருந்த காலம். கிணறோ ஒழுங்கையை ஒட்டி இருந்தது. கிடுகு வேலிக்கு மேலால், சைக்கிளில் போகிறவனுக்கெல்லாம் கிணற்றடி தெரியும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் மாமா, உம்மாவின் மூத்த சகோதரர். மட்டக்களப்பில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தார். இடித்துக்கொண்டிருந்த பழைய பங்களா ஒன்றிலிருந்து கைப்பம்பு ஒன்றையும், சாம்பல் நிறத்தில் சுருட்டிய குழாயையும் லொறியில் ஏற்றி வந்தார். கிணற்றிலிருந்து சமைக்கும் குசினி வரைக்கும் நிலத்தைக் கிண்டிக் குழாயைப் புதைத்தார். கிணற்று வாயைக் கொங்கிறீற்று மூடியால் அடைத்தார். சுவர் மூலையில் குழாயைத் தன் முழங்காலில் வைத்து வளைத்துவிட்டு, “எவ்வளவு வாகான இரும்பு, பாருங்க மச்சான்,” என்று வாப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

முழங்காலில் வளைகிற இரும்பு எந்த ஊர் இரும்பு என்று யாரும் கேட்கவில்லை. ஈயம் தெரியாத ஊரல்ல எங்கள் ஊர். வலை வீசுகிற வீட்டுப் பிள்ளைகள் வலையில் கட்டும் ஈய மணிகளை வைத்துத்தான் விளையாடும். ஆனால் ஓவசியர் கொண்டுவந்தது ஈயமாக இருக்கும் என்று நினைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பம்பைப் பார்க்க அயலிலிருந்து பெண்கள் வந்தார்கள். அடுத்த வளவு மாமி கைப்பிடியை இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, “கிணத்தக் குசினிக்குள்ள கொண்டு வந்துட்டியள். இனிக் கடலையும் கொண்டு வந்தா மீனுக்கும் வெளிய போகத் தேவையில்லதானே,” என்றார். உம்மாவுக்கு அந்தக் குத்தலும் இனிப்பாகத்தான் இருந்தது.

சில மாதத்தில் தம்பி பிறந்தான். பிள்ளை பெற்ற காய்ச்சலில் உம்மாவுக்குப் பால் வற்றிப்போனது. தம்பி ரின்பாலில் வளர்ந்தான். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ரின்னிலிருந்த பால்மாவைக் கரைத்து, சூப்புப் போத்தலில் ஊற்றி உம்மாதான் கொடுப்பார். முதல் மாதங்களில் கொழுகொழுவென்று இருந்த பிள்ளை, பிறகு வெளிறிப்போனான். கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுவான். நாலைந்து நாளைக்கு வயிறு போகாது. ஓதிப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். கடைசியில் வாப்பா, கல்முனையில் டிஸ்பென்சரி வைத்திருந்த அப்போதிக்கரி ஐயாவைக் கூட்டி வந்தார்.

அவர் தம்பியின் உதட்டை விரித்துப் பல் முரசைப் பார்த்தார். பிறகு, எனக்கு வேடிக்கையாக இருந்தது, பிள்ளையை விட்டுவிட்டுக் குசினிக்குள் போய்ப் பம்பைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்துக் குழாயைச் சுரண்டினார். சாம்பல் நிறத்துக்கு உள்ளே வெள்ளி போலப் பளபளத்தது.

“ஓவசியர், இது என்ன?”

“இரும்புதான் ஐயா,” என்றார் மாமா.

“இரும்ப என்ட பேனாக் கத்தி வெட்டுமா?” அவர் ஒரு சீவல் சீவி மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். “வலைக்காரனிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்க. அவன் சொல்லுவான்.”

மாமா உள்ளங்கையை மூடிக்கொண்டார். அவர் அப்படித் தலை குனிந்து நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதன் பிறகு பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். கதவிடுக்கால் எனக்குக் கேட்டது வாப்பாவின் குரல் மட்டும்: “மாப்பிள்ள வீட்டாக்கள் அடுத்த மாசம் வாறாங்க. வீட்டுத் தண்ணியில நஞ்செண்டு கத போனா, இந்த வீட்டுக்கு ஆரு வருவான்?” ஆகவே விஷயம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று முடிவாயிற்று. கிணற்று மூடியைக் கழற்றினால் ஒழுங்கையில் போகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அயல் கிணற்றுக்குப் போனாலும் கேட்பார்கள். மாமா மட்டக்களப்புக்குப் போய் இரும்புக் குழாய் அனுப்பும்வரை, அப்போதிக்கரி ஐயா சொன்ன வழியில் சமாளிப்பது என்று தீர்மானித்தார்கள். இரவெல்லாம் குழாய்க்குள் நின்ற தண்ணீர் ஆகாது. விடிய நாற்பது தரம் பம்பை அடித்து அந்தத் தண்ணீரைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு வருவதைத்தான் குடிக்க எடுக்க வேண்டும்.

விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப் பம்பு அடிப்பது என் வேலை. மாமா என்னைக் கூப்பிட்டார். “மகள், முதல் நாப்பது அடிச்சுக் கழிச்சிரு. வாழைக்கு ஊத்திரு. பிறகு வாற தண்ணியக் கேத்தலுக்கு எடு. விளங்கிச்சா?”

“ஓம் மாமா. ஏன் முதல் தண்ணி கூடாது?”

“கேள்வி கேக்காம சொன்னதச் செய். ஆருக்கிட்டயும் கதைக்கவும் கூடாது.”

அது கச்சான் காற்று வீசி எங்கள் ஊர் வறளுகிற காலம். கிணறு அடிமண்ணுக்கு இறங்கியிருந்தது. முதல் நாள் விடிய நான் சொன்னபடியே செய்தேன். இருபது, முப்பது அடிவரை வந்த தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. நாற்பது அடித்து முடிந்து கேத்தலைப் பிடித்தபோது, மணலும் சேறும் கலந்து மஞ்சளாய் வந்தது. நான் இரண்டையும் பார்த்தபடி நின்றேன். ஒரு பக்கம் வாளியில் தெளிந்த தண்ணீர், வாழைக்குப் போகவேண்டியது. மறுபக்கம் கேத்தலில் கலங்கல், என் தம்பிக்குப் போகவேண்டியது.

சுகாதாரப் பாடத்தில் நான்தான் வகுப்பில் முதலாவது. நிறமும் மணமும் இல்லாத தெளிந்த நீரையே அருந்த வேண்டும் என்று மனப்பாடமாய் ஒப்புவிப்பேன். மாமா மாறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அல்லது கிணறு நிறைந்த காலத்துக்கு அவர் சொன்னது, கச்சானுக்குப் பொருந்தாது என்று நினைத்தேன். கேட்கப் பயம். கேள்வி கேட்காதே என்றுதானே சொல்லியிருக்கிறார். கேத்தலில் இருந்த கலங்கலை வாழைக்கு ஊற்றினேன். வாளித் தண்ணீரைக் கேத்தலில் நிரப்பினேன்.

உம்மா கேத்தல் மூடியைத் திறந்து பார்த்தார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“இந்தக் கச்சானுக்குள்ளயும் தண்ணி எவ்வளவு தெளிவு! என்ட மகள்ட கைராசி.”

அந்த ஒரு சொல்லுக்காகப் பன்னிரண்டு நாள் அதையே செய்தேன். விடிய எழும்பி, நாற்பது அடியையும் பிசகாமல் எண்ணி, முதல் தண்ணீரைத் தம்பிக்கு எடுத்து வைத்தேன். எண்ணியது எதற்கென்று இன்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. சொன்ன எண்ணிக்கையை மீறாத நல்ல பிள்ளை நான்.

பதின்மூன்றாம் நாள் இரும்புக் குழாய் வந்தது. மாமா ஆட்களோடு வந்து நிலத்தைக் கிண்டிப் பழைய குழாயை முழுவதும் வெளியே எடுத்தார். அயலவர் கேட்டதற்கு, கச்சானுக்குக் கிணற்றை ஆழமாக்குகிறோம் என்றார். ஈயத்தைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். இரண்டு வலைக்காரர்கள் வந்து, மணி வார்க்க நல்ல சாமான் என்று சந்தோஷமாகத் தூக்கிப் போனார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உம்மா இரண்டு ரக்அத் தொழுதார்.

அதற்கு மூன்றாம் நாள் பகல், தம்பிக்கு வலிப்பு வந்தது. அப்போதிக்கரி ஐயா வந்துசேர முன்பே உம்மாவின் மடியில் அவன் மவுத்தாகிவிட்டான். ஒன்பது மாதம்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வரும்படி யாரோ என்னிடம் சொன்னார்கள். நான் குசினிக்குள் போய்ப் பம்பை அடிக்கத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி அடித்தேன். வந்த தண்ணீர் வாளி நிறைந்து வழிந்தது. மாமா உள்ளே வந்து என் கையைப் பிடித்தார்.

“இனி எண்ணத் தேவையில்ல மகள். குழாய் மாத்தியாச்சே.”

அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் அவரைத் தேற்ற நினைத்தேன். “மாமா, நான் தம்பிக்கு ஒரு நாளும் கலங்கல் தண்ணி எடுக்கல்ல. தெளிஞ்ச தண்ணிதான் எடுத்தேன்,” என்றேன். அவர் என் தலையைத் தடவி, “ஓம் மகள், நீ நல்ல புள்ள,” என்றார். அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. எனக்கும்தான்.

எனக்கு விளங்கியது பத்து வருடம் கழித்து, பயிற்சிக் கல்லூரியில் விஞ்ஞான வகுப்பில். ஈயம் தண்ணீரில் கரைந்தால் நிறம் மாறாது, மணக்காது, கொதிக்கவைத்தாலும் போகாது என்று விரிவுரையாளர் சொன்னார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனையை வைத்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு டொக்டரிடம், யாரோ ஒருவருடைய கதை போலக் கேட்டேன். முந்திய மாதங்களில் குடித்ததே போதுமானதாக இருந்திருக்கலாம், அந்தப் பன்னிரண்டு நாளும் காரணமாக இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். சில நாள் முதல் பாதியை நம்புகிறேன். பல நாள் இரண்டாவதை.

அந்த வீடு இப்போது என்னிடம் இருக்கிறது. மாமா இன்று இல்லை. ராத்தா அந்த மாப்பிள்ளையையே கலியாணம் முடித்து, அவருடைய உத்தியோகத்தோடு வேறு ஊர் போனதால், என் கலியாணத்துக்கு வீட்டை எனக்கு எழுதினார்கள். எனக்கு ஏழு மாதத்தில் ஒரு மகன் இருக்கிறான். வருகிற மாதம் நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். பகலில் அவனுக்குப் போத்தல் பால்தான். உம்மா என்னோடுதான் இருக்கிறார், பிள்ளையைத் தூக்குகிறார், குளிப்பாட்டுகிறார். ஆனால் போத்தலை மட்டும் தொடமாட்டார். போன கிழமை நான் வற்புறுத்தினேன்.

“என்ட கை வேணாம் மகள். எனக்குப் பால் இருந்திருந்தா அவன் இருந்திருப்பான். இந்தக் கையாலதான் அந்தப் போத்தலக் கொடுத்தன். வேற ஆளப் பாரு.”

உம்மா கொடுத்த போத்தலில் இருந்தது நான் எடுத்து வைத்த தண்ணீர் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் உம்மாவின் கைக்கு விடுதலை கிடைக்கும் என்று ஒரு மனம் சொல்கிறது. செத்த பிள்ளைக்கு அழுகிறவளை, உயிரோடிருக்கும் மகளுக்காகவும் அழவைப்பாயா என்று மற்ற மனம் கேட்கிறது. உம்மா என்னை மன்னித்துவிடுவார். அதுதான் எனக்கு இன்னும் பயம். சொல்லாமல் இருப்பது அவருக்காகவா, எனக்காகவா என்பதும் எனக்குத் தெளிவில்லை.

என் மகனுக்குத் தண்ணீர் எடுக்கும்போது இன்றும் நாற்பது அடிக்கிறேன். இரும்புக் குழாய்தான், தேவையில்லை. தெளிவாக வந்தால் பயமாக இருக்கிறது, கலங்கலாக வந்தாலும் பயமாக இருக்கிறது.

இதை வாசிக்கும் தாய்மாரே, உங்களில் யாராவது வயதான உம்மாவிடம் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால், அல்லது ஒரு மகள் வந்து உங்களிடம் சொல்லியிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நான் சொல்லட்டுமா? லீவு முடிய இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது.