சித்தி குளிக்கவில்லையாம்

சித்தி மூன்று மாதமாகக் குளிக்கவில்லை என்று அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் கிசுகிசுத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியொரு பச்சைப் பொய்யை நான் கேட்டதேயில்லை. கருங்குழியில் எங்கள் வீட்டில் சித்தியைப் போலக் குளிக்கிறவர் யார்? சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை, ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் ராத்திரி ஷிப்ட். எப்போது வந்து இறங்கினாலும் நேரே பாத்ரூம்தான். அடுத்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் மிஞ்சாது.

எனக்கு எட்டு வயது. விட்டுக்கொடுக்கிற பழக்கம் அப்போதே கிடையாது. "சித்தி டெய்லி குளிக்குது, நான் பார்த்துகினுதானே கீறேன்" என்று நடுவில் போய் நின்றேன். காலி ஷாம்பு பாக்கெட்டுகளைப் பொறுக்கிவந்து சாட்சிக்கு வைத்தேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மாதவிடாய் வராததைத்தான் எங்கள் வீட்டில் குளிக்கவில்லை என்பார்கள். கல்யாணம் ஆகாத பெண் குளிக்கவில்லை என்றால் அம்மாவுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அன்று சாயங்காலம் "யாருன்னு சொல்லிடு" என்று சித்தியைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "யாரும் இல்ல. இன்னா ஆச்சுன்னு எனக்கே தெரியல. நாளைக்கு டாக்டராண்ட போலாம். நீயும் உள்ள வா, உன் காதாலயே கேளு" என்றாள்.

மறுநாள் செங்கல்பட்டில், பரிசோதனை முடிவு வரும்வரை அம்மா என் மணிக்கட்டை விடவேயில்லை. எனக்குத்தான் ஊசி என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். கர்ப்பம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், அழுதாள், அப்பாவுக்குப் போன் பண்ண வெளியே ஓடினாள்.

டாக்டரம்மா அப்போதுதான் பேசவே ஆரம்பித்திருந்தார். மாறி மாறி வரும் ஷிப்ட், கெட்டுப்போன தூக்கம், சாப்பிடாமல் இளைத்த உடம்பு, மனக்கவலை, எதனாலும் நாள் தள்ளிப்போகலாமாம். கழுத்து லேசாக வீங்கியிருப்பதால் தைராய்டுக்கு ரத்தம் பார்க்க வேண்டும், கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். சித்தி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அம்மா எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கினாள். சித்தி தொடவில்லை.

"அதான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே, இன்னும் இன்னா?"

"ஒண்ணும் இல்லன்னு யாரு சொன்னாங்க அக்கா?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள் சித்தி.

ரத்தம் கொடுக்கவும் ஸ்கேனுக்கும் அவள் தனியாகத்தான் போனாள். அம்மாவோடு ரொம்ப நாள் பேசவில்லை. எனக்குச் சித்தி மேல்தான் கோபம். அம்மா பால் வாங்கிக் கொடுத்த பிறகும் இவளுக்கு என்ன இவ்வளவு வீம்பு என்று நினைத்தேன்.