கல்லில் ஞானமணியின் பாதி

ஞானமணிக்குக் கல்லறையைக் கண்டு பயம் கிடையாது. பயந்தால் பிழைப்பு ஓடாது. அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரிலிருந்து காரில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு கல்லறைக்கல் பட்டறை இருக்கிறது. பதினேழு வருஷமாக அங்கேதான் அவளுக்கு வேலை. செத்தவர் பெயரைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, ரப்பர் ஷீட்டில் வெட்டி, கல்லின் மேல் ஒட்டி, எழுத்து வரவேண்டிய இடத்து ரப்பரை மட்டும் கத்தியால் உரித்தெடுப்பாள். பின்னால் ஷெட்டில் இருப்பவர் காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்தால், உரித்த இடமெல்லாம் எழுத்தாகக் குழிந்துவிடும். சர்ச்சில் சில பேர் முதுகுக்குப் பின்னால் அவளைக் ‘கல்லறை ஆன்ட்டி’ என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். “சொல்லிட்டுப் போகட்டும். எல்லாரும் ஒருநா எங்கிட்ட வரவேண்டியவுகதானே” என்பாள்.

அப்பேர்ப்பட்டவளின் புருஷனுக்கே இரண்டு வருஷமாகக் கல் இல்லை. அவர் சாந்தகுமார், மருந்துக் கம்பெனி லேபில் வேலை பார்த்தவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிப்ரவரியில் மாரடைப்பில் போனார். அவர் தலைமாட்டில் இன்னும் அடக்க நாளில் குத்தி வைத்த சின்னத் தகடுதான் நிற்கிறது. வெயிலிலும் பனியிலும் அதிலிருந்த பெயர் பாதி அழிந்துவிட்டது. சர்ச்சில் முதலில் ஜாடையாகக் கேட்டார்கள். அப்புறம் நேராகவே கேட்டார்கள். ஊருக்கெல்லாம் கல் வெட்டுகிறவள் புருஷனுக்கு வெட்டவில்லை என்றால் நாலு வாய் நாலு விதமாகத்தான் பேசும்.

தடை பணமல்ல. டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கும் மகன் ஃபிரெடி, “ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்டோனா போட்டுடலாம்மா, இங்க எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க” என்று அப்போதே சொல்லிவிட்டான். அமெரிக்காவில் அது சாதாரணம். இடது பாதியில் செத்தவர், வலது பாதியில் உயிரோடு இருப்பவர். பிறந்த வருஷத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து, மீதியைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்படி நூற்றுக்கணக்கான கோடுகளை ஞானமணியே வெட்டியிருக்கிறாள். தன் கோட்டை வெட்டவும் அவளுக்குக் கூச்சமில்லை. கோட்டுக்கு மேலே என்ன பெயர் போடுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டாள்.

ஊரில் அவள் மா. ஞானமணி. அப்பா மாசிலாமணியின் ‘மா’. கல்யாணமாகி பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த ‘மா’ போய், பின்னால் புருஷன் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் எல்லாக் காகிதத்திலும் ஞானமணி சாந்தகுமார். சாந்தகுமாருக்கோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் அவருடைய அப்பா தேவசகாயம் வந்து உட்கார்ந்துகொண்டார். லேபில் அவரை எல்லாரும் ‘தேவ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா பெயரைச் சொன்னால் மகன் திரும்பிப் பார்ப்பார். ஆக, அவர் தன் அப்பாவைச் சுமந்தார், இவள் அவரைச் சுமந்தாள், ஃபிரெடியும் அவரையே சுமந்தான். மாசிலாமணி மட்டும் விமானம் ஏறவே இல்லை.

மாசிலாமணி, நாசரேத் பக்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பள்ளிக்கூட ஃபாரத்தில் மகள் பெயரை முதலில் பென்சிலில் எழுதி, மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். பட்டறையில் ஞானமணியும் அதே போல மூன்று தடவை படித்த பிறகுதான் ரப்பரை வெட்டுவாள். 1999-இல் அப்பா இறந்தபோது அவளுக்கு இன்னும் கிரீன் கார்டு வந்து சேரவில்லை. போனால் திரும்பி வர முடியாது. போகவில்லை. பதினைந்து வருஷம் கழித்து அக்கா போனில் சொன்னாள்: கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாமல் அப்பா குழியிலேயே வேறு யாரையோ வைத்துவிட்டார்களாம். இடம் நெருக்கடியான ஊரில் அது வழக்கம்தான், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனாலும் ஞானமணி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்தப் பெயர் ஏதாவது ஒரு கல்லில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தன் பாதியைத் தவிர அதற்கு வேறு கல் கிடையாது. ஆனால் தாலி கட்டினவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவர் பெயரைத் தள்ளிவிட்டு அப்பன் பெயரைப் போடுவதா? முப்பத்து மூன்று வருஷம் ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷன். அவருக்கு மனசு சங்கடப்படுமோ என்று அவரிடமே கேட்கவும் வழியில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இந்த ஏப்ரலில் ஒரு பெரியவர் பட்டறைக்கு வந்தார். வேல்ஸ் நாட்டு வம்சம், வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார். கையில் ஒரு போட்டோ வைத்திருந்தார். வேல்ஸில் ஒரு சின்ன சர்ச்சுக்குள் இருக்கும் பழைய கல். அதன் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி குட்டையும் நெட்டையுமாகக் கோடுகள். அதே எழுத்தில் மகளின் கல் விளிம்பிலும் வேண்டும் என்றார்.

“எழுத்துக்குப் பேர் ஓகம். கீழிருந்து மேலே படிக்கணும்” என்று வாத்தியார் பாடம் எடுத்தார். அயர்லாந்திலும் வேல்ஸிலுமாக இப்படி நானூறு கல் போலக் கிடைத்திருக்கிறதாம். ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பழசு. பிறந்த தேதி, இறந்த தேதி, புகழ்ச்சி எதுவும் இருக்காது. இன்னார், இன்னாருடைய மகன். பெரும்பாலும் அவ்வளவுதான்.

“எங்க ஊர்ல இதுக்கு இனிஷியல்னு பேர்” என்றாள் ஞானமணி. பெரியவருக்கு அது பிடித்துப்போனது.

“ஆனா கிட்டத்தட்ட எல்லாமே ஆம்பளைங்க கல். பொண்ணு பேர் இருக்கறது அபூர்வம். இது அதுல ஒண்ணு” என்று போட்டோவைத் தட்டிக் காட்டினார். “அவிட்டோரியா. குனிக்னுஸின் மகள்.”

“கல்யாணம் ஆனவளா?”

“தெரியாது. கல்லில் அது இல்லை.”

ஞானமணி அந்தப் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டினவன் யாரென்று தெரியாது, பெற்ற பிள்ளை யாரென்று தெரியாது. அப்பன் பெயர் மட்டும் அவளோடு நின்றுகொண்டிருக்கிறது. அதில் யாருக்கும் எந்தக் குறைவும் வந்துவிட்டதாகத் தெரியவில்லை.

பெரியவரின் கல் பத்து நாளில் தயாரானது. மகள் பெயர், அதற்கு மேலே அவர் பெயர். அவர் விரலால் கீழிருந்து மேலே ஒவ்வொரு கோடாகத் தடவிப் பார்த்து, “சரியா இருக்கு” என்றார். அழவில்லை. ஞானமணிக்குத்தான் கண் கலங்கியது.

அன்றைக்கு வேலை முடிந்ததும் அவள் தன் கல்லை வரைந்தாள். இடது பாதியில்: சாந்தகுமார், தேவசகாயத்தின் மகன். வலது பாதியில்: ஞானமணி, மாசிலாமணியின் மகள். வருஷமும் கோடும் போடவில்லை. ஃபிரெடிக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் கீழே ஆங்கிலத்திலும் போட்டு, அவன் போனுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் பதில் இல்லை. பையனுக்குக் கோபம் என்றே நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் கூப்பிட்டான். “அம்மா, டிசைன் பாத்தேன். ஒரு ப்ராப்ளம்.”

இதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். “அப்பா பேரு எம்பேரு பின்னால இல்லன்னுதானல சொல்லுத? பக்கத்துலயேதான் படுத்திருக்காக. கல்யாணம் ஆகலன்னு எவன் சொல்லப்போறான்?”

“நோ, நோ, அது இல்லம்மா. மாசிலாமணி. அது என்னோட செக்யூரிட்டி ஆன்சர்.”

“என்னது?”

“பேங்க்ல ஆள் நாந்தானான்னு செக் பண்ணக் கேப்பாங்கல்ல, மதர்ஸ் மெய்டன் நேம், அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேரு? பேங்க், கிரெடிட் கார்டு, எல்லாத்துலயும் அதான் குடுத்திருக்கேன். ஸ்டோன்ல போட்டா எவ்ரிபடி வில் நோ.”

ஞானமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைக்குத் தாத்தா பெயர் தெரியும் என்றே அவள் நினைத்திருக்கவில்லை. “எங்கப்பா பேரு ஒனக்கு எப்படில தெரியும்?”

“அப்பாதான் சொன்னாரு. சிக்ஸ்டீன் வயசுல ஃபர்ஸ்ட் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணப்போ அந்த பாக்ஸ்ல சாந்தகுமார்னு எழுதிட்டேன். அப்பா அத அடிச்சுட்டாரு. ‘அது எம்பேரு. உங்கம்மா மாசிலாமணி மகள்’னாரு. ஸ்பெல்லிங்க மூணு தடவ சத்தமா படிக்க வெச்சாரு. பேங்க் லேடி சிரிச்சுட்டாங்க. இட் வாஸ் ஸோ எம்பேரஸிங்.”

இரண்டு வருஷமாக அவரிடம் கேட்க முடியவில்லையே என்று தவித்தாளே, அந்தக் கேள்விக்கு மனுஷன் என்றைக்கோ பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே அவர் மேல் கோபமும் வந்தது.

“அம்மா? ஆர் யூ தேர்?”

“இருக்கேன்.”

“ஓகே, ஸ்டோன்ல அதையே போடு. நான் ஆன்சர மாத்திக்கிறேன். எல்லாத்துலயும் மாத்த ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் கட் பண்ணாத.”

ஞானமணி சரியாக ஒரு வாரம் பொறுத்தாள். அதற்கடுத்து வந்த திங்கட்கிழமை பட்டறையில் ரப்பர் ஷீட்டை விரித்து, அவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும், தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் வெட்டினாள்.