கதவோரத்தில் எல்சி எழுதிய எண்

ராயபுரத்து டாக்சிக்காரர்களில் அருள்நாதன் மட்டும் வண்டியைக் கம்பெனி சர்வீசுக்கு விட்டதே கிடையாது. துறைமுகத்தில் டிராக்டர் ஓட்டிய காலத்திலேயே என்ஜினின் நெளிவுசுளிவெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது. அம்பாசிடர் வாங்கிய புதிதில், அடுத்த ஆயில் எத்தனாவது மைலில் மாற்ற வேண்டும் என்று கதவின் உள்விளிம்பில் ஒரு காகிதம் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அதை அன்றைக்கே கிழித்துப் போட்டான்.

"இதுக்கு இன்னாத்துக்கு மவுண்ட் ரோடு வரைக்கும் போவணும்? நானே மாத்திக்கிறேன்."

"மாத்துவே. எப்போ மாத்தணும்னு உனக்கு ஞாபகம் இருக்குமா?" என்றாள் அவன் மனைவி எல்சி.

எல்சியின் அப்பா காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதியவர். மகளுக்கும் பிரஷ் நன்றாகப் பிடிபட்டிருந்தது. காகிதம் இருந்த இடத்தைத் துடைத்து, வெள்ளை எனாமலில் மைலை எழுதி வைத்தாள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மைல் மீட்டர் அந்த எண்ணைத் தொட்டால், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அருள்நாதன் வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய ஆயிலை டின்னில் இறக்குவான். புது ஆயில் ஊற்றிவிட்டுக் குரல் கொடுப்பான். எல்சி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிதை எழுதுவாள். பெயிண்ட் காயும்வரை கதவைச் சாத்த விடமாட்டாள். ஒரு கதவை மட்டும் திறந்துபோட்டுக்கொண்டு நிற்கும் டாக்சியைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அது ஒரு சின்ன விசேஷம்.

அறுபத்தேழாம் வருஷத்து மழைக்காலத்தில் எல்சிக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கண் முழுக்க மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்சியின் பின்சீட்டில் சுருண்டு படுத்துப் போனவள், வீடு திரும்பவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு வண்டியை எடுத்தான். கொஞ்ச நாளில் மீட்டர் அவள் எழுதிய எண்ணுக்கு வந்தது. அந்த ஞாயிறு டின்னையும் ஸ்பேனரையும் எடுத்து வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். வெள்ளை எழுத்து கண்ணில் பட்டது. இனி அதைச் சுரண்ட வேண்டும். வீட்டில் அவள் கையெழுத்து என்று வேறெதுவும் கிடையாது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. அப்புறம் டின்னை எடுப்பதையே விட்டுவிட்டான்.

டோல்கேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ராசையா, ஒருநாள் என்ஜின் சத்தம் கேட்டு வண்டியை மறித்தார். அளவுக் குச்சியை உருவிப் பார்த்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னப்பா இது, ஆயிலா தாரா? இப்பமே விட்டுட்டுப் போ, நான் மாத்தித் தாரேன்."

"எல்சி எழுதினது கீதுண்ணே..."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். புது நம்பரை வேற இடத்துல எழுதேன்!"

அருள்நாதன் கதவோரத்து எண்ணைப் பார்த்தான். வேறு இடத்தில் எழுத அவளா இருக்கிறாள்? புது எண் வந்துவிட்டால் இது பழைய எண் ஆகிவிடும். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவன், அந்தப் பக்கமே போகவில்லை.

வெயில் காலத்தில் ஒருநாள், உச்சிக்குச் சற்று முன். ஷரீஃபுன்னிசா என்ற பெண் தனியாக டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடிவந்தாள்.

"காத்திவாக்கத்துல எங்க அப்பா மவுத்தாயிட்டாரு. மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துடுவாங்க. சீக்கிரம் போண்ணே."

விரட்டிக்கொண்டு போனான். திருவொற்றியூர் தாண்டியதும் என்ஜின் சம்மட்டியால் அடிப்பதுபோல் இடித்தது. பானெட்டிலிருந்து புகை வந்தது. ஒரு குலுக்கலோடு வண்டி நின்றுவிட்டது. வண்டியின் முன்னால் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றிப் பார்த்தான். உள்ளங்கை கிழிந்ததே தவிர என்ஜின் அசையவில்லை. நடுரோட்டில் நின்று கையை ஆட்டினான். பஸ் நிற்காமல் போயிற்று. இரண்டு லாரியும் போயின. கடைசியில் உப்பளத்துக்குப் போகும் மாட்டுவண்டி ஒன்றுதான் நின்றது. அவளை ஏற்றிவிட்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு இவன் கூடவே நடந்தான். வழியெல்லாம் அவள் "அப்பா, அப்பா" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற பெண்கள் ஷரீஃபுன்னிசாவைத் தாங்கிப் பிடித்தார்கள். பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான் அருள்நாதன்.

மறுவாரம் விசாரித்துக்கொண்டு ராயபுரத்தில் அவள் வீட்டுக்குப் போனான். கதவுக்கு வெளியே நின்று, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் சம்சாரத்து எழுத்தை நீ தெனம் பாத்துகினு இருந்தே," என்றாள். "எங்க அப்பா மூஞ்சிய நான் கடைசியா ஒரு தபாகூட பாக்கல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ராசையா என்ஜினை இறக்கி மறுபடி கட்டிக் கொடுத்தார். அவர் எதிரிலேயே அருள்நாதன் பிளேடை எடுத்துக் கதவோரத்தைச் சுரண்டினான். எனாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ராசையா முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத வேலை எதையோ தேடிப் போனார். சாக்பீசால் தானே ஒரு எண்ணை எழுதினான். கோணல்மாணலாக வந்தது. ஏறி இறங்குகிறவர்களின் துணி பட்டு அது அடிக்கடி அழிந்துபோகும்; மறுபடி எழுதுவான். ஆயில் மாற்ற ஒருநாளும் பிந்தவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, டோல்கேட்டில் இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் கை நீட்டினாள். நிறுத்திய பிறகுதான் அது ஷரீஃபுன்னிசா என்று தெரிந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

"வேற வண்டி கூப்டட்டுமாம்மா?" என்றான்.

அவள் குழந்தைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஆயில் மாத்தினியா?"

"போன ஞாயித்துக்கெழம மாத்தினேன்."

குழந்தைகளை முதலில் ஏற்றிவிட்டு அவளும் ஏறினாள். "காத்திவாக்கம்," என்றாள். "அம்மாக்கு ஒடம்பு முடியல."

அவன் வேகமாகவும் ஓட்டவில்லை, மெதுவாகவும் ஓட்டவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் சின்னக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். அவளுடைய அம்மா பேசும் குரல் வெளியே கேட்கும்வரை அருள்நாதன் என்ஜினை அணைக்காமல் அங்கேயே இருந்தான்.